பழைய கோவா: புனிதர்கள் கரையிறங்கிய நகரம்

சவேரியாரின் திருவுடல், இடிந்த கோபுரத்தடியில் கிடைத்த ஜார்ஜிய ராணியின் எலும்பு, யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட யோசேப் வாஸ் அடிகளார், முதல் தமிழ் அச்செழுத்துகள்... மாண்டவிக் கரையில் ஒரு முழுநாள் நடந்து பார்க்க வேண்டிய ஊர் இது.

பணஜியிலிருந்து மாண்டவி ஆற்றை ஒட்டியே கிழக்கே போகும் சாலையில் சுமார் 10 கி.மீ. போனால் பழைய கோவா வந்துவிடும். பேருந்திலிருந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் ஒரு திகைப்பு. ஒரு காலத்தில் கீழ்த்திசையின் பெருநகரமாக இருந்த ஊர் என்கிறார்கள். ஆனால் கடைவீதி இல்லை, குடியிருப்புகள் மிகக் குறைவு. புல்வெளி, தென்னந்தோப்பு, நடுவில் நெடுஞ்சாலை. அதன் இரு பக்கமும் ஊருக்குப் பொருந்தாத அளவில் பெரிய பெரிய தேவாலயங்கள்.

1510 நவம்பர் 25 அன்று பீஜப்பூர் அடில்ஷாகிகளிடமிருந்து இந்த நகரைப் பிடித்தார் அபோன்சோ தெ அல்புகர்க். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மக்காவ் வரை பரந்துகிடந்த போர்ச்சுகீசியக் கடல் பேரரசுக்கு இதுவே தலைநகரமானது. கோவாவைப் பார்த்தவர் லிஸ்பனைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லும் அளவுக்குச் செல்வம் கொழித்தது. பிறகு காலராவும் மலேரியாவும் ஊரைக் காலி செய்யத் தொடங்கின. 1759-ல் அரசப் பிரதிநிதியே குடிபெயர்ந்தார். 1843-ல் பணஜி அதிகாரபூர்வத் தலைநகரமானது. மாளிகைகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுபோய்ப் பணஜியில் புது வீடுகள் கட்டிக்கொண்டார்கள். கோவில்களையும் கல்லறைகளையும் மட்டும் விட்டுவைத்தார்கள். மிஞ்சியவற்றைத்தான் யுனெஸ்கோ 1986-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோவாவுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்களில் பலர் இங்கே செலவிடுவது அரை மணி நேரம். பொம் ஜேசு பசிலிக்காவுக்குள் ஒரு சுற்று, வாசலில் சில படங்கள், பிறகு நேராகக் கடற்கரை. அந்த அவசரத்தில் தவறவிடுவது கட்டடக் கலையை மட்டுமல்ல. தமிழகக் கடற்கரையின் வரலாற்றிலும் யாழ்ப்பாணத்தின் வரலாற்றிலும் இந்த ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால்தான் இங்குள்ள கல்லறைகள் நமக்கும் உரியவை என்பது புரியும்.

தஸ்கனியின் பளிங்கு, கோவாவின் வெள்ளி

பொம் ஜேசு என்றால் நல்ல இயேசு. கொச்சியில் தளபதியாக இருந்த ஜெரோனிமோ மஸ்கரேனஸ் விட்டுச் சென்ற சொத்தைக் கொண்டு இயேசு சபையினர் 1594-ல் கட்டத் தொடங்கி, 1605 மே மாதம் அபிஷேகம் செய்த கோவில் இது. மஸ்கரேனஸின் நினைவுச் சின்னத்தை உள்ளே சுவரில் இன்றும் பார்க்கலாம். முகப்பில், மேலே இயேசுவின் பெயரைக் குறிக்கும் மூன்று இலத்தீன் எழுத்துகள். உள்ளே சுவர்கள் எளிமையானவை. பீடம் மட்டும் பொன்மயம். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் பெரிய சுருபம் விண்ணை நோக்கியபடி நிற்க, அதன் காலடியில் சிறு உருவமாகக் குழந்தை இயேசு.

வலப்புறச் சிற்றாலயத்தில் இருக்கிறது சவேரியாரின் கல்லறை. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள். இதை அடுக்கடுக்காகப் பார்ப்பது நல்லது.

கீழ்ப்பகுதி இத்தாலியின் வேலை. சவேரியார் தலைக்கு வைத்திருந்த தலையணை ஒன்று, தஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ தெ மெடிச்சிக்குப் பரிசாகப் போனது. அதற்குப் பதில் மரியாதையாக அவர் செய்து அனுப்பியதுதான் இந்தப் பீடம். பிளாரன்ஸ் நகரச் சிற்பி ஜொவான்னி பத்திஸ்தா பொஜினி பத்து ஆண்டுகள் உழைத்தார். பல நிறப் பளிங்கும் மணிக்கற்களும் இழைத்த அடித்தளம் துண்டுதுண்டாகக் கப்பலேறி வந்து, 1698-ல் இங்கே பொருத்தப்பட்டது. நான்கு பக்கமும் நான்கு வெண்கலப் பலகைகள். சவேரியார் போதிப்பதும் திருமுழுக்குக் கொடுப்பதும் அவற்றில் உண்டு. சீனக் கரையோரத் தீவில் உயிர்விடும் காட்சியும் உண்டு.

அதற்கு மேலே இருக்கும் வெள்ளிப் பேழை கோவா பொற்கொல்லர்களின் கைவேலை. 1636-37-ல், பிளாரன்ஸ் பீடம் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, செய்யப்பட்டது. புனிதரின் வாழ்க்கையைச் சொல்லும் 32 தகடுகளில் விரல் நீள மனிதர்கள், படகுகள், நோயாளிகள். பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே மங்கலாகத் திருவுடல் தெரிகிறது. இத்தாலியச் சிற்பியின் பெயர் எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது. அந்த வெள்ளித் தகடுகளை உளியால் தட்டியவர்களை யாரும் பெயர் சொல்லி நினைப்பதில்லை. நான் அதிக நேரம் நின்றது அந்தத் தகடுகளுக்குக் கீழேதான்.

கைமணி அடித்து நடந்தவர்

ஸ்பெயினின் நவார் பகுதியில் 1506-ல் பிறந்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542 மே 6 அன்று கோவாவில் கரையிறங்கினார். மருத்துவமனையிலும் சிறையிலும் இருந்தவர்களைத் தேடிப் போனார். மாலையில் தெருத்தெருவாகக் கைமணி அடித்துச் சிறுவர்களையும் அடிமைகளையும் மறைக்கல்விக்கு அழைத்தார். சில மாதங்களில், அதே ஆண்டின் அக்டோபரில், அவர் போய்ச் சேர்ந்த இடம் நம்முடைய முத்துக்குளித்துறை.

மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று நீளும் அந்தக் கரையில் பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. தமிழ் அறியாத சவேரியார் இரு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கினார், மனப்பாடம் செய்தார், கோவாவில் அடித்த அதே மாதிரி மணியடித்து ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதை 1544-ல் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குப் பெற்றார்கள். மணப்பாட்டுக் குகையும் நாகர்கோவில் கோட்டாறு பேராலயமும் அந்த நடையின் நினைவிடங்கள்.

மலாக்கா, மொலுக்காத் தீவுகள், ஜப்பான் என்று சுற்றியவர் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் தீவில் இறந்தார். எலும்பை மட்டும் பிறகு எடுத்துப்போகும் எண்ணத்தில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். சில மாதம் கழித்துத் தோண்டியபோது உடல் அழியாமல் இருந்தது. மலாக்கா வழியாக 1554 மார்ச்சில் அந்த உடல் கோவா வந்து சேர்ந்தது. 1614-ல் வலது முன்கை மட்டும் ரோமுக்கு அனுப்பப்பட்டது. 1622-ல் புனிதர் பட்டம்.

இயேசு சபையினர் 1759-ல் வெளியேற்றப்பட்டதும் உடலையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அதைத் தீர்க்கவே 1782-ல் பேழையைத் திறந்து மக்களுக்குக் காட்டினார்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இன்றைய திருவுடல் தரிசனத்துக்கு மூலம் இதுதான். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை, எதிரே உள்ள சே பேராலயத்தில் நடந்தது. அந்த உடல் இன்று உலர்ந்து சுருங்கிவிட்டது. பக்தர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆண்டுதோறும் டிசம்பர் 3 திருவிழா. அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள். கோவாவின் ஊர்களிலிருந்தும் மகாராஷ்டிர, கர்நாடக எல்லைகளிலிருந்தும் கால்நடையாக வருகிறார்கள். கோவா மக்கள் அவரை ‘கோயஞ்சோ சாய்ப்’ என்கிறார்கள், கோவாவின் தலைவர் என்ற பொருளில். இந்துக்களும் வரிசையில் நிற்கிறார்கள். வாசல் கடைகளில் மெழுகுதிரியோடு மெழுகில் செய்த கை, கால், குழந்தை, வீடு எல்லாம் விற்கின்றன. எந்த உறுப்பில் நோயோ அதை வாங்கிக் காணிக்கை வைக்கிறார்கள். பக்கத்திலேயே இஞ்சி மணக்கும் காஜே மிட்டாய்.

கல்லறைக்கு முன் ஒரு மூதாட்டி, பேரனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். “மேல பாருடா, நம்ம சவேரியாரு” என்று தமிழில் கேட்டதும் திரும்பினேன். “எந்த ஊரும்மா?” என்றேன். “மணப்பாட்டுப் பக்கம். எங்க ஊருல இருந்துதான் அவரு எல்லா எடத்துக்கும் போனாரு” என்றார். அதில் பெருமை இருந்தது. அதைவிட அதிகமாக உறவின் உரிமை இருந்தது.

பொன்மணியும் ஒரு கறையும்

சாலையைக் கடந்தால் சே பேராலயம். நகரைப் பிடித்த நாள் அலெக்சாந்திரியா புனித கத்தரீனாளின் திருநாள் என்பதால் அவருக்கே அர்ப்பணித்தார்கள். 1562-ல் தொடங்கிய வேலை 1619 வரை இழுத்தது. பீடங்கள் முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஆசியாவின் மிகப்பெரிய தேவாலயங்களில் ஒன்று. முகப்பில் இரண்டு கோபுரங்கள் இருந்தன; ஒன்று 1776-ல் விழுந்துவிட்டது. மிஞ்சிய கோபுரத்தில் தொங்குவது ‘பொன்மணி’ எனப்படும் கோவாவின் மிகப்பெரிய மணி. பீடத்தின் பொற்பலகைகளில் கத்தரீனாளின் மறைசாட்சியம் காட்சி காட்சியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த வாசல் புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயம். 1661-ல் திரும்பக் கட்டப்பட்டாலும் 1521-ஆம் ஆண்டின் கதவு நிலையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். உள்ளே தரையெல்லாம் குலச்சின்னம் பொறித்த கல்லறைக் கற்கள்; நாம் நடப்பதே கல்லறைகள் மேல்தான். ஒட்டியுள்ள மடம் இப்போது தொல்லியல் அருங்காட்சியகம்.

இந்தச் சதுக்கத்தில் நின்று ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சமய விசாரணை மன்றத்தின் மாளிகையும் இங்கேதான் இருந்தது. 1560 முதல், இடையில் சில ஆண்டுகள் தவிர, 1812 வரை அது இயங்கியது. அதைக் கோவாவில் அமைக்கச் சொல்லி 1546-ல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதியவர்களில் சவேரியாரும் ஒருவர். அமைந்தது அவர் மறைவுக்குப் பிறகு. புதுக் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் அதன் கையில் பட்ட துன்பம் ஆவணங்களில் இருக்கிறது. இந்துக் கோவில்கள் இடிக்கப்பட்டபோது மக்கள் தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு ஜுவாரி ஆற்றைக் கடந்து போண்டா பக்கம் போனார்கள். இன்று கோவாவின் புகழ்பெற்ற மங்கேஷி, சாந்தாதுர்க்கா கோவில்கள் அப்படி வந்தவையே. மாளிகையின் சுவடுகூட இப்போது இல்லை. சவேரியாரின் அன்பைச் சொல்கிற வாயால் இதையும் சொல்வதுதான் நேர்மை. பக்தி, வரலாற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மங்கேஷி போண்டா சாலையில்தான் இருக்கிறது. அதே நாளில் அங்கும் போய்வருவது நல்லது.

இடிபாட்டில் கிடைத்த ராணி

பசிலிக்காவுக்கு மேற்கே ஏறும் மேட்டுக்குப் புனித மலை என்று பெயர். அங்கே வானத்தில் ஒற்றைச் சுவராக நிற்கிறது அகுஸ்தீனார் ஆலயத்தின் கோபுரம். 46 மீட்டர் உயரத்தில் செம்புரைக்கல்லால் எழுப்பியது. 1835-ல் துறவற சபைகள் கலைக்கப்பட்டதும் ஆலயம் கைவிடப்பட்டது; 1842-ல் கூரை விழுந்தது; 1931-ல் முகப்பும் சரிந்தது. இதன் பெரிய மணி இப்போது பணஜி அமலோற்பவ மாதா ஆலயத்தில் ஒலிக்கிறது.

இந்த இடிபாட்டில் ஒரு ராணி இருந்தார். ஜார்ஜியாவின் கக்கேத்தி நாட்டு அரசி கெத்தேவன், பாரசீக மன்னர் ஷா அப்பாஸிடம் பணயமாகப் பல ஆண்டுகள் ஷிராஸ் நகரில் இருந்தவர். மதம் மாற மறுத்ததால் 1624-ல் சித்திரவதை செய்து கொன்றார்கள். அங்கிருந்த அகுஸ்தீனார் சபைத் துறவிகள் அவருடைய எலும்புகளை எடுத்து மறைத்தார்கள். ஒரு பகுதி 1627-ல் கோவா வந்தது. ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை புனிதராகப் போற்றும் பெண்ணின் திருப்பண்டத்தைக் காத்தவர்கள் கத்தோலிக்கத் துறவிகள்.

கருங்கல் பேழையில், இன்ன சன்னல் அருகே என்று போர்ச்சுகீசிய ஏடுகளில் குறிப்பு இருந்தது. கட்டடமே மண்ணான பிறகு சன்னலை எங்கே தேடுவது? இந்தியத் தொல்லியல் துறை விடவில்லை. பழைய கட்டட அமைப்பைத் தரையில் மீட்டு வரைந்து, 2004-ல் ஓர் எலும்பைக் கண்டெடுத்தது. ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகம் மரபணுவைச் சோதித்தது. இந்திய மாதிரிகளில் காணப்படாத, ஜார்ஜியரிடம் காணப்படும் தாய்வழி மரபு அது என்று தெரிந்தது. 2021 ஜூலையில் இந்திய அரசு அந்தத் திருப்பண்டத்தின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கே கொடுத்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு ராணி ஊர் திரும்பினார்.

கோபுரத்துக்கு எதிரே, கிழக்குலகின் முதல் கன்னியர் மடம் எனப்படும் புனித மோனிக்கா மடமும் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. மலை விளிம்பில் 1540-களில் கட்டிய செபமாலை மாதா ஆலயம். கீழே ஆறு தெரிகிறது. அல்புகர்க் இங்கு நின்றுதான் போரைப் பார்த்தார் என்கிறார்கள். கூட்டம் இங்கே ஏறி வருவதில்லை; உட்கார்ந்து செபிக்க ஏற்ற இடம்.

தமிழ் எழுத்து வார்த்த ஊர்

ஊரின் மறுகோடியில் ஒற்றை வாயில் ஒன்று நிற்கிறது. புனித பவுல் கல்லூரியில் இன்று மிஞ்சியது அது மட்டும்தான். சவேரியார் தங்கிய இடம். அவருடைய உடலும் முதலில் இங்கேதான் இருந்தது. அபிசீனியாவுக்குப் போக வேண்டிய அச்சு இயந்திரம் ஒன்று 1556-ல் கோவாவிலேயே நின்றுவிட, இந்தியாவின் முதல் அச்சகம் இக்கல்லூரியில் தொடங்கியது.

புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழைக் கசடறக் கற்றவர் அண்டிரிக் அடிகளார் என்னும் என்ரிக்கே என்ரிக்கஸ். அவருடைய நூல்களுக்காகத் தமிழ் அச்செழுத்துகள் 1577-ல் கோவாவில் வார்க்கப்பட்டன. மறு ஆண்டு கொல்லத்தில் 16 பக்கங்களோடு வெளிவந்தது ‘தம்பிரான் வணக்கம்’. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த மண்ணில் அச்சான முதல் நூல் அது. பொம் ஜேசு கோவில் அபிஷேகமான 1605 மே மாதத்திலேயே கோவாவில் வந்திறங்கினார் இராபர்ட் தெ நொபிலி. அடுத்த ஆண்டு மதுரையில் இருந்தார். ஓரியூரில் 1693-ல் மறைசாட்சியாக மடிந்த அருளானந்தரும் 1673-ல் இங்கே இறங்கித்தான் மறவர் நாட்டுக்கு வந்தார். இவர்கள் எல்லாரும் இந்தத் தெருக்களில் நடந்தவர்கள்.

கல்லறை இல்லாத புனிதர்

இவ்வளவு கல்லறைகள் உள்ள ஊரின் சொந்தப் புனிதருக்குக் கல்லறை இல்லை. 1651-ல் கோவாவின் பெனாலிமில் பிறந்தவர் யோசேப் வாஸ். கோவா மண்ணில் பிறந்த குருக்களை ஐரோப்பிய சபைகள் சேர்த்துக்கொள்ளாத காலம். பழைய கோவாவின் குன்று ஒன்றில், அற்புதச் சிலுவை ஆலயத்தில், தாங்களே ஓரட்டரி சபையைத் தொடங்கினார்கள். அந்த ஆலயம் இன்று இடிபாடு. அச்சிலுவை சே பேராலயத்தில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த இலங்கையில், குருக்களே இல்லாமல் மக்கள் தவிப்பதைக் கேள்விப்பட்டார் வாஸ் அடிகளார். தூத்துக்குடி வழியாகக் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து 1687-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். தமிழ் கற்றார். பகலில் பிச்சை எடுத்தார். இரவில் சில்லாலை போன்ற ஊர்களில் பூசை வைத்தார். 1692-ல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சிறையிட்டார்கள். அங்கு பெரியம்மை பரவிய காலத்தில், எல்லாரும் ஓடிய பிறகும் நோயாளிகளோடு இருந்தார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் மறைந்தார். கல்லறை இருந்த இடம் காலத்தில் மறைந்துவிட்டது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். சவேரியார் வெளியிலிருந்து வந்தார். வாஸ் இங்கிருந்து போனார். இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் பழைய கோவா முழுமையாகும்.

எப்படிப் போவது?

பணஜி கதம்பா பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு. கொங்கண் ரயிலில் வந்தால் கர்மலி நிலையம் மிக அருகில். காலையில் பசிலிக்காவில் தொடங்கி, சே, அசிசியார் ஆலயம், பிறகு வைஸ்ராய் வளைவும் ரோம் புனித பேதுரு பெருங்கோவிலை நினைவூட்டும் புனித கயெத்தான் ஆலயமும் பார்க்கலாம். வெயில் தணிந்த பின் புனித மலை. தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. ஆலயங்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். பூசை நேரத்தில் கேமராவைப் பையில் வையுங்கள்.

சுண்ணாம்பு கேட்கும் சுவர்

பொம் ஜேசுவின் செந்நிறச் சுவரைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அது கட்டியவர்கள் நினைத்த தோற்றம் அல்ல. 1950-களின் தொடக்கத்தில் பழுதுபார்ப்பு என்ற பெயரில் மேல்பூச்சை உரித்தார்கள். செம்புரைக்கல் நீரை உறிஞ்சும் கல். சுண்ணாம்புப் பூச்சு அதற்குத் தோல் மாதிரி. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊரில், எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோலில்லாமல் நிற்கிறது இந்தச் சுவர். சுற்றியுள்ள ஆலயங்கள் வெள்ளைப் பூச்சோடு நிற்க, இது மட்டும் அரிக்கப்படுகிறது. பூச்சைத் திரும்பப் பூச வேண்டும் என்று பசிலிக்கா தரப்பும் பாரம்பரியக் கட்டடக் கலைஞர்களும் கேட்டுவருகிறார்கள். சிவப்புச் சுவர்தான் அழகு என்று பழகிவிட்ட கண்களின் எதிர்ப்பும் இருக்கிறது.

நாம் எடுக்கும் படம் அழகாக வருவதற்காக ஒரு கோவில் கரையக் கூடாது. கொத்தரும் தச்சரும் பொற்கொல்லருமாகக் கோவா மக்கள் தங்கள் கையால் எழுப்பிக் காத்துவந்த இடம் இது. தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் டிசம்பர்தோறும் போகிறவர்களுக்கும் இதில் குரல் உண்டு. அடுத்த திருவுடல் தரிசனம் 2034-ல் வர வேண்டும். அதற்குள் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று பக்தர்களும் பயணிகளும் கேட்கத் தொடங்கினால், அதுவே சவேரியாருக்கு நாம் வைக்கக்கூடிய நல்ல காணிக்கை.